புலிச்சாவு

பாடைக்கு மூங்கில் வெட்டப் போனவர்களை நாட்டாமை ஆள்விட்டுப் பாதி வழியில் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார். அவர்கள் வெறும் அரிவாளோடு வாசலில் வந்து நின்றார்கள். பறை காய்ச்சுவதற்காக மூட்டிய வைக்கோலை மேளக்காரர்கள் மிதித்து அணைத்தார்கள். உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள், வெளியே என்ன பேச்சு என்று கேட்பதற்காக அழுகையை நிறுத்தினார்கள்.

"இது புலிச்சாவு," என்றார் நாட்டாமை இளையபெருமாள். "தெருவுல கொண்டுபோவ முடியாது."

செத்துக் கிடந்த கொளஞ்சியின் தலைமாட்டில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்த அவன் பெண்சாதி பூங்காவனத்தின் கை நின்றது.

அந்த ஊரில் பாம்பு கடித்தவன், இடி விழுந்தவன், புலி அடித்தவன் இவர்களுக்குத் தெருவில் வழி கிடையாது. பாயில் சுருட்டிக் கொல்லைப்புறமாக எடுத்துப்போய், முந்திரித்தோப்புக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரையில் புதைத்துவிட வேண்டும். மேளம் இல்லை, கொள்ளி இல்லை, கருமாதி இல்லை. பொங்கல் படையலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. பாம்பும் இடியும் அவ்வப்போது வந்து போகும். புலியை அந்தச் செம்மண் சீமையில் யாருடைய பாட்டனும் பார்த்ததில்லை. ஆனாலும் புலி அடித்துச் செத்தவனை என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் செய்துபார்க்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததில் சிலர் முகத்தில் துக்கத்தோடு ஒரு சுறுசுறுப்பும் கலந்திருந்தது.

கொளஞ்சி செத்தது குளிர்காய்ச்சலில். அது பூங்காவனத்துக்குத் தெரியும். அவள்தான் ஐப்பசி பூராவும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அப்புறம் புலி எங்கிருந்து வந்தது என்றால், மூத்தாரின் வாயிலிருந்து வந்தது.

மூத்தார் சாமிதுரை, கொளஞ்சியின் அண்ணன், அந்தக் குடும்பத்துக்குத் தலைவர். நிலம் அவர் பெயரில், வண்டிமாடு அவர் பெயரில், தம்பி கொளஞ்சி அவர் சொல்லில். யுத்த நிதிக் கமிட்டிக்குக் காரியதரிசியானதிலிருந்து, தமக்கு ராவ் சாகிப் பட்டம் ரயிலேறிவிட்டது, அரியலூரில் வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி என்று நம்பிக்கொண்டிருந்தார். கமிட்டி விஷயமாகப் பழக்கமான ஒரு ரேஞ்சர் முதுமலைக் காட்டில் வேலையாயிருந்தார். அவர் பெண்சாதிக்குப் பிறந்த ஊர் பக்கத்துத் தா.பழூர். அந்த உறவைப் பிடித்துக்கொண்டு புரட்டாசியில் காட்டுப் பங்களாவில் தங்க இடம் பிடித்தார் சாமிதுரை. யானையும் புலியும் நிறைந்த காடு. பார்க்கலாம், சுடக்கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. துப்பாக்கி இல்லாத குறையை அவர் உடுப்பில் தீர்த்துக்கொண்டார். காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால்வரை கம்பளிக் காலுறை, துரைமார் போடுகிற சோலாத் தொப்பி. பெட்டி, அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, ஒரு கொசுவலை எல்லாவற்றையும் சுமக்கத் தம்பி.

திரும்பி வரும்போது ஒரு மீசையும் ஒரு படமும் வந்தன. மீசை மேல்நோக்கி முறுக்கியது. படம் கோயமுத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. காடு எழுதிய திரைக்கு முன்னால், வைக்கோல் அடைத்த புலியின் முதுகில் ஒரு காலை வைத்து நின்றார் சாமிதுரை. புலிக்கு ஒரு கண் இல்லை. அந்தப் பக்கம் தெரியாதபடி எடுத்திருந்தார்கள்.

கதை மெல்லத்தான் வளர்ந்தது. ஜெயங்கொண்டம் காபி கிளப்பில் முதலில் புலி உறுமியது மட்டும்தான். அடுத்த சந்தைக்குப் புலி பரணுக்குக் கீழே வந்து நின்றது. அதற்கடுத்த சந்தைக்குப் பாய்ந்தது. கொளஞ்சிக்குக் குளிர் கண்டு படுத்தபிறகு, அந்தப் புலி கொளஞ்சியின் தோளில் அறைந்தது. "நான் டார்ச்சை மூஞ்சியில அடிச்சேன் பாருங்க, நாய் மாதிரி ஓடுச்சு. இல்லேன்னா தம்பி அங்கயே முடிஞ்சிருப்பான்." கேட்டவர்கள் மீசையைப் பார்த்தார்கள். நம்பினார்கள்.

பூங்காவனம் தன் புருஷனிடம் கேட்டாள். நடுக்கம் விட்டு வேர்த்திருந்த ஒரு மத்தியானம் அது.

"புலி அடிச்சுதாமே, நெசமா?"

"கொசு அடிச்சுது புள்ள," என்று சிரித்தான் கொளஞ்சி. "அண்ணன் பங்களாவுல வலைக்குள்ள படுத்துக்கும். நான் ஆத்தோரம் பரண்ல குந்தியிருக்கணும். புலி வந்தா ஓடியாந்து எழுப்புடான்னு உத்தரவு. தெனம் ராவு முச்சூடும் அதே வேலை. ஒரு கண்ணால புலி பாத்தேன், ஒரு கையால கொசு அடிச்சேன்."

"ஊரெல்லாம் இப்புடிச் சொல்லிட்டுத் திரியிறாரே, நீங்க கேக்கக்கூடாதா?"

"சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். நம்ம மேல என்ன நகமா படுது?"

பிறகு புரண்டு அவள் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"ஒருநா வந்துச்சு புள்ள," என்றான்.

"எது?"

"கடைசி நாளு, வெளுக்குற நேரம். அக்கரையில மூங்கிப் புதரை வெலக்கிட்டு வந்து தண்ணி குடிச்சுது. நம்ம செவலை மாடு குடிக்குமே, அப்புடி, அவசரம் இல்லாம. நாக்கு சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது. அப்புறம் தலையத் தூக்கி என்னப் பாத்துச்சு. பாத்துட்டுப் போயிடுச்சு."

"எழுப்பலியா அவர?"

"எழுப்பல. அந்தத் தொப்பியும் பூட்சுமா தடதடன்னு ஓடியாருவாரு. பாவம், தண்ணி குடிக்கட்டுமேன்னு வுட்டுட்டேன்." அவள் கையைப் பிடித்தான். சூடு ஆறாமல்தான் இருந்தது. "யாருகிட்டயும் சொல்லிப்புடாத. தெரிஞ்சா அண்ணன் தாங்காது. ஒரு தடவ ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன். ஆத்துல யானையெல்லாம் சின்னப் புள்ளைங்க மாதிரி குளிக்கும். வலை ரெண்டா எடுத்துக்குவோம்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பூங்காவனம் மூத்தாரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவும் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்று, மூத்தாரின் பெண்சாதியான ஓரகத்தி ரத்தினம்மாளிடம் சொல்வாள். மூத்தாரும் பதிலை ரத்தினம்மாளிடம்தான் சொல்வார். மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் நன்றாக விழும்படியாகவே இந்த மரியாதை நடக்கும்.

"வண்டி கட்டச் சொல்லுங்கக்கா. அரியலூர் டாக்டர்கிட்ட காச்சலுக்குக் கொயினா மாத்திரை இருக்காம்."

"பயந்த காய்ச்சலுக்கு டாக்டர் என்ன பண்ணுவாருன்னு கேளு ரத்தினம். புலியப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

டாக்டர் ஒரு தடவை வயிற்றை அமுக்கி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தால் புலி கொசுவாகிவிடும் என்பது சாமிதுரைக்குத் தெரியும். வண்டி கட்டவில்லை. ஆண்டிமடத்திலிருந்து மந்திரிக்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் வேப்பிலை அடித்து, புலியை இறங்கச் சொல்லி அதட்டினார். புலி இறங்குவதாக ஒப்புக்கொண்டது. காய்ச்சல் ஒப்புக்கொள்ளவில்லை. யுத்தத்தில் கொயினா கிடைக்காத காலம் என்றாலும், காட்டுக்குப் போகுமுன் சாமிதுரை ஒரு புட்டி சம்பாதித்துத்தான் வைத்திருந்தார். தம்பி உடம்புக்குக் கசப்பு ஒத்துக்கொள்ளாது என்று, அங்கே தாமே தின்று தீர்த்துவிட்டார்.

இப்போது கார்த்திகை. கொளஞ்சி விடியற்காலையில் பூங்காவனத்தின் மடியிலேயே அடங்கிவிட்டான். மூத்தாரின் கதை மட்டும் உயிரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

திருமானூரிலிருந்து கோடித்துணியோடு வந்து இறங்கிய அவள் அண்ணன் முத்துசாமி, பந்தல் போடாத வாசலையும் அணைந்த வைக்கோலையும் பார்த்துத் திகைத்தான். விஷயம் தெரிந்ததும் துணி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாட்டாமை முன்னால் போய் நின்றான்.

"காச்ச வந்து செத்தவருக்கு எந்த ஊருங்க கொல்லப்பக்கம் வழி வுடுறது?"

"எனக்கு மட்டும் ஆசையா தம்பி? புலி அடிச்சுதுன்னு கூடப் பொறந்தவனே ஊரறியச் சொல்லியிருக்கான். நாளைக்கு ஒரு மழ தப்பினாலும், மாடு கன்னு செத்தாலும், எல்லாரும் என்னத்தான் கேப்பாங்க. சாமிதுரை சொல்லட்டும், புலி அடிக்கலன்னு. அடுத்த நிமிசம் மூங்கி வெட்டுறோம்."

எல்லோரும் சாமிதுரையைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஒரே ஆள் அவர்தான். மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"பெரியவங்க மொறை எப்படியோ அப்படிச் செய்ங்க. நான் குறுக்க நிக்கல," என்றார்.

"நீங்க குறுக்க நிக்கிறதாலதான மாமா பேச்சே," என்றான் முத்துசாமி. "எந் தங்கச்சிக்குப் புள்ள இல்ல. ஒங்களுக்கு ரெண்டும் பொண்ணு. நல்ல சாவுன்னா கொள்ளி நீங்கதான் வைக்கணும், மீசைய எடுக்கணும். நாளைக்கு ஜெயங்கொண்டத்துல டிப்டி கலெக்டரோட போட்டோ எடுக்குறாங்களாம்ல? அதான் யோசனை போலிருக்கு."

"அளந்து பேசு முத்துசாமி!"

"நானாவது அளந்து பேசுறேன்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

உள்ளே ஈ மொய்த்தது. ரத்தினம்மாள் எழுந்து அறைக்குள் போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. மடித்து வைத்திருந்த கொசுவலையைக் கொண்டுவந்து, உதறி, கொளஞ்சியின் மேல் தலையிலிருந்து கால்வரை போர்த்தினாள். நாலு ஓரத்தையும் பாய்க்கு அடியில் செருகினாள். அந்த வலையைப் பூங்காவனம் அப்போதுதான் பார்க்கிறாள். பால்போல் வெள்ளை. ஒரு கிழிசல் இல்லை.

"காட்டுலேருந்து வந்ததும் நாந்தான் தொவைச்சேன்," என்றாள் ரத்தினம்மாள், யாரையும் பார்க்காமல். "எங்க வூட்டுக்காரரு மேல ஒரு கொசுக்கடித் தடிப்பு இல்ல."

பூங்காவனம் விசிறியைக் கீழே வைத்தாள். அவிழ்ந்து கிடந்த கூந்தலை முடிந்துகொண்டாள். ஒரு கிழவி அவள் முந்தானையைப் பிடித்து, "எங்கடி போற, ஆம்பளைங்க நிக்கிறாங்க," என்றாள். பூங்காவனம் முந்தானையை விடுவித்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி வாசலுக்கு வந்து, நாற்காலிக்கு எதிரில் நின்றாள்.

"எந்தத் தோளு மாமா?"

சாமிதுரை அவளைப் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் கதவுப் பக்கம் திரும்பினார்.

"என்ன கேக்குதுன்னு கேளு ரத்தினம்."

"காதுல வுழுந்துச்சுல்ல," என்றாள் ரத்தினம்மாள் நிலைப்படியிலிருந்து. "நீங்களே சொல்லுங்க."

"வந்து... வலது தோளு."

"எங்கிட்ட எடதுன்னீங்களேண்ணே," என்றான் அரிவாளோடு நின்ற ஒருவன். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்குச் சந்தேகம். "காபி கிளப்புல என் தோளத் தொட்டே காமிச்சீங்களே."

"ரெண்டுலயும் அடிச்சுது."

"உள்ள வந்து காமிங்க," என்றாள் பூங்காவனம்.

அவர் எழுந்திருக்கவில்லை. நாட்டாமைதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். முத்துசாமியும் கூடப் போனான். இருவருமாக வலையை விலக்கி, கொளஞ்சியை ஒருபக்கமாகத் திருப்பிப் பார்த்தார்கள். எலும்பாய்ப் போன முதுகு. வெளியே வந்த நாட்டாமை துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு கீறல் இல்லியேப்பா."

"உள்காயம் நாட்டாமை. புலி அடி அப்படித்தான், வெளிய தெரியாது."

"தோலத் தொடாம உள்ள பூந்து அடிச்சுதா?"

"சர்க்கார் புலியாச்சே," என்றான் முத்துசாமி. "எல்லாம் ரகசியம்."

இந்தத் தடவை யாரும் இருமவில்லை. நேராகவே சிரித்தார்கள். சிரித்துவிட்டு உள்ளே பிணம் கிடப்பது ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். நாட்டாமை கையைத் தூக்கினார்.

"காயம் இருக்கோ இல்லியோ, சொல்லு இருக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு காயத்த ஞாபகம் வச்சிருக்காது, சொல்லத்தான் வச்சிருக்கும். சொன்ன வாயி திருப்பிச் சொல்லணும்."

சாமிதுரை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த வேலியைப் பார்த்தார்.

பூங்காவனம் திரும்பிப் போய் நிலைப்படியில் குறுக்காக உட்கார்ந்தாள்.

"அவரு சொல்ல வேணாம் நாட்டாமை. கொல்லப்பக்கமும் எடுக்க வேணாம். எம் புருசன் இந்தக் கூடத்துலயே கெடக்கட்டும். நாத்தம் எடுக்கட்டும். ஜெயங்கொண்டம் வர்ற அதிகாரிய இங்க கூட்டியாங்க. புலிய வெரட்டுன வூடு இதுதான்னு காட்டுங்க. வலை இங்கதான் இருக்கு, படம் இங்கதான் மாட்டியிருக்கு. எது எதுக்குன்னு நான் சொல்றேன்." குரல் உயரவில்லை. "வண்டி கட்டச் சொல்லிக் கதவுக்குப் பின்னால நின்னு கெஞ்சுனேன். இதோ இந்தக் கதவுதான். மாடு தொழுவத்துல சும்மா நின்னுது. அரியலூருக்கு எத்தினி தூரம் மாமா? மொதுமலைய விடத் தூரமா?"

சாமிதுரை தொழுவப் பக்கம் பார்த்தார்.

"பரண்ல யாரு இருந்தது?" என்றாள் பூங்காவனம்.

"அவன்."

"நீங்க?"

சாமிதுரை மறுபடி கதவுப் பக்கம் திரும்பினார்.

"வலைக்குள்ள," என்றாள் ரத்தினம்மாள்.

நாட்டாமை நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "எழுந்திருச்சுச் சொல்லு சாமிதுரை. வெயில் ஏறுது."

அவர் எழுந்தார். எழுந்ததும் நாற்காலியை யாரோ பின்னாலிருந்து எடுத்துக்கொண்டார்கள். "புலி அடிக்கல," என்றார்.

"சத்தமா."

"புலி அடிக்கல. காச்ச."

"உறுமுனுச்சுன்னியே?"

"உறுமல் கேட்டுச்சு நாட்டாமை. சத்தியமா கேட்டுச்சு. விடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது, பக்கத்து ரூம்புல ரேஞ்சர் வுட்ட கொறட்டைன்னு."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஆகக்கூடி, அங்க போன யாரும் புலியப் பாக்கவே இல்ல?"

"யாரும் பாக்கல."

நாட்டாமை நிலைப்படிப் பக்கம் திரும்பினார். "நீ என்ன ஆயி சொல்ற? ஒங்கிட்ட அவன் ஏதாவது சொன்னானா? பாத்தேன்னு கீத்தேன்னு?"

மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு அது வந்து தண்ணீர் குடித்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது.

"இல்லீங்க," என்றாள் பூங்காவனம். "பாக்கல."

அரிவாள்காரர்கள் மறுபடி மூங்கிலுக்கு நடந்தார்கள். வைக்கோல் மறுபடி புகைந்தது. பறைச் சத்தம் எழும்பியதும் உள்ளே பெண்கள் விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தார்கள். நாவிதர் வேலியோரம் சாமிதுரையை மணையில் உட்காரவைத்து, கிண்ணியில் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தலையை மழித்தார். மீசைக்கு வந்ததும் கத்தியை உள்ளங்கையில் ஒருமுறை தீட்டிக்கொண்டார்.

தேர்ப்பாடை கட்டி, தெரு வழியாக, மேளத்தோடு கொளஞ்சியைக் கொண்டுபோனார்கள். தெருமுனை திரும்பும்வரை பூங்காவனம் பார்த்துக்கொண்டு நின்றாள். சுடுகாட்டுப் பக்கம் புகை எழுந்தபோது அவள் கொல்லையில் இருந்தாள். முந்திரித்தோப்புக்கு மேலே அது நிதானமாக ஏறிக் கலைந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆண்கள் குளித்து, ஈரத்துணியோடு திரும்பினார்கள். கூடத்தில் கொளஞ்சி கிடந்த இடத்தில் விளக்கு ஏற்றியிருந்தது. சாமிதுரை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அவருடைய மேலுதடு முகத்தின் மற்ற இடத்தைவிட வெளுத்து, புதிதாக முளைத்தது போல் இருந்தது. துக்கம் விசாரிக்கத் தா.பழூரிலிருந்து பிந்தி வந்த ரேஞ்சரின் மாமனார் அவர் எதிரில் உட்கார்ந்து, நெடுநேரம் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றதுங்க," என்றார் சாமிதுரை மெதுவாக. "அந்த மீசை, டிப்டி கலெக்டரே பாத்துட்டு அசந்துபோன மீசை. தம்பிக்குன்னு வந்தப்புறம் மீசை என்னங்க பெரிசு? எடுடான்னேன்."

ரேஞ்சரின் மாமனார் நெகிழ்ந்துபோய்த் தலையசைத்தார். "எந்த அண்ணன் செய்வான் இந்தக் காலத்துல," என்றார்.

சாமிதுரையின் விரல்கள் மேலே போய், முறுக்குவதற்கு ஒன்றும் அகப்படாமல், மடியில் திரும்பி விழுந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

விளக்கு வெளிச்சத்தைச் சுற்றி வந்த ஒரு கொசு தாழ்ந்து பறந்து அந்த வெள்ளை உதட்டில் உட்கார்ந்தது. காலை ஊன்றிக்கொண்டது. வயிறு சிறுகச் சிறுகச் சிவந்தது.

பூங்காவனம் எதிர்ச்சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறி அவள் மடியில் கிடந்தது.